வழிகாட்டியும் வழி கற்றலும்

கலை எதுவாயினும் அதனைக் கற்பிக்க ஒருவர் வேண்டும் என்பது ஆன்றோர் துணிபு. ஆயின், கற்பிப்பவர் வேறு, நம் வேலையை நமக்காகச் செய்து தருபவர் வேறு என்பதை நாம் பலவேளைகளில் மறந்துவிடுகின்றோம். இருவரும் நம் அருகில் நிற்பர். இருவரும் நமக்கு உதவுவர். இருவருக்கும் நாம் நன்றி கூறுவோம். ஆனால், ஒருவர் நீங்கிய பின் நம்மிடம் கலை எஞ்சும்; மற்றவர் நீங்கிய பின் அன்றைய பயன் மட்டுமே எஞ்சும். இவ்வேற்றுமையை ஆராய்தற்கு வகுப்பறைக்குப் புறம்பான கலையொன்றை இங்கு எடுத்துக்கொள்கின்றோம். அது ஈத்தூண்டிற் கலை. கூலி கொடுத்து ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்வதனால் இக்கலையைக் கற்றுக்கொள்ள இயலுமா என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

தமிழாசிரியனுக்கும் தூண்டிலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். புலாலுண்ணாதார் மீனைப் பற்றிப் பேசுவது தகுமோ என்று நகைப்போரும் இருக்கலாம். நம் பழைய மாணவர் பலர் இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் நோர்வேயிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழ்கின்றனர். விடுமுறை நாள்களை அந்நாட்டு ஆற்றங்கரைகளிற் கழிக்கும் அவர்களுட் சிலர் இக்கலையில் ஈடுபாடு கொண்டுள்ளனர். பிடித்த மீனை மீண்டும் நீரிலேயே விட்டுவிடும் வழக்கமும் இக்கலையினரிடையே பெரிதும் பரவியுள்ளது. மேலும், இக்கட்டுரையின் பொருள் மீனன்று, கற்றலே ஆகும். கற்றலைப் பற்றிப் பேச ஆசிரியனுக்கு உரிமையுண்டு.

நம் கடற்கரைகளிற் கரைவலையும் வீச்சுவலையும் கண்டு பழகிய நமக்கு இக்கலை புதுமையானது. நாம் அறிந்த தூண்டிலில் ஈயக்குண்டின் பாரமே தங்கூசியை இழுத்துச் செல்லும். ஈத்தூண்டிலிலோ முள்ளிற் கட்டப்படுவது இறகும் மயிரும் பட்டுநூலுங் கொண்டு செய்த பொய்ப்பூச்சி. அதற்குப் பாரம் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே நூலையே தடிப்பாகவும் பாரமாகவும் செய்து, அந்நூலின் பாரத்தாற் பூச்சியைச் செலுத்துகின்றனர். கோலைப் பின்னே உயர்த்தி நிறுத்தி, பின்னோக்கிச் சென்ற நூல் முழுவதும் நீளும்வரை பொறுத்திருந்து, அதன் பின்னரே முன்னோக்கி வீசுதல் வேண்டும். சிறிது முந்தினால் நூல் சாட்டைபோல் ஒலித்துப் பூச்சி அறுந்துபோம். சிறிது பிந்தினால் நூல் தாழ்ந்து புல்லிற் சிக்கிக்கொள்ளும்.

பூச்சி நீரில் விழுந்ததோடு வேலை முடிவதில்லை. ஆற்றின் நடுவில் ஓட்டம் விரைவாகவும் கரையோரத்தில் மெதுவாகவும் இருக்கும். விரைந்த நீரில் நூல் அகப்பட்டு வளைந்தால் பூச்சி இழுபட்டுச் செல்லும். உண்மையான பூச்சி அவ்வாறு நீரைக் கிழித்துக்கொண்டு செல்லாதாகையால் மீன் அதனை ஏற்காது. எனவே நூலை மெல்ல உயர்த்தி எதிர்நீர்ப் பக்கமாக மாற்றி இடுதல் வேண்டும். மீன் எங்கே நிற்கும் என்பதையும் அறிதல் வேண்டும். ட்ரவுட் மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்பது. பெருங்கல்லின் மறைவிலும், விரைந்த நீரும் மெதுவான நீரும் கூடும் எல்லையிலும், கரையின் நிழலிலும் நின்று, அதிகம் நீந்தாமலே உணவைப் பெற விரும்புவது. அவ்வேளையில் அது எதனை உண்கின்றது என்பதை அறிய, ஆற்றுக் கல்லைப் புரட்டி அதன் அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளின் இளம்பருவங்களைப் பார்த்தல் வேண்டும். ஆகவே வீச்சு, நீரின் குறிப்பறிதல், பூச்சியறிதல் என்னும் மூன்றும் இக்கலையின் உறுப்புகளாம்.

இக்கலை மிகப் பழையது. கி.பி. 200 அளவில் வாழ்ந்த உரோமானிய எழுத்தாளர் ஏலியன், மக்கெதோனிய நாட்டினர் முள்ளிற் செந்நிறக் கம்பளிநூலும் சேவலின் இறகும் கட்டி மீன் பிடித்ததைக் குறித்துள்ளார். இங்கிலாந்தில் 1496 இல் அச்சான தூண்டில் நூலொன்று பன்னிரண்டு பொய்ப்பூச்சிகளை விவரிக்கின்றது. 1653 இல் ஐசாக் வால்ற்றன் வெளியிட்ட புகழ்பெற்ற நூல், ஆசானும் மாணாக்கனும் உரையாடும் முறையில் அமைந்தது. 1676 இல் அதனோடு சாள்ஸ் கொற்றன் எழுதிச் சேர்த்த பகுதியே ஈத்தூண்டிலை விரிவாக எடுத்துரைப்பது. அதிலும் ஆசான் மாணாக்கனின் கண்முன்னே பூச்சியைக் கட்டிக் காட்டுகின்றான். இக்கலையின் தலைசிறந்த நூலே வினாவும் விடையுமாக அமைந்திருத்தல் ஈண்டு நோக்கற்பாலது.

நம் நாட்டுக்கும் இதனோடு சிறிது தொடர்புண்டு. ட்ரவுட் மீன் இலங்கைக்கு உரியதன்று. மலைநாட்டில் வாழ்ந்த ஆங்கிலேயர் 1880களில் அதனைக் கொணர்ந்து நுவரெலியாப் பகுதியின் குளிர்ந்த ஓடைகளில் விட்டனர். அவர்களது தூண்டிற் கழகம் 1896 இல் தோன்றியது. எனினும் அது தோட்டத்துரைமாரின் பொழுதுபோக்காகவே இருந்தமையால் நம்மவரிடையே வேரூன்றவில்லை.

இனி வழிகாட்டிகளைப் பற்றிக் கூறுவாம். ஸ்கொட்லாந்து நாட்டு ஆறுகளிற் சல்மன் மீன் பிடிக்க வந்த செல்வர்க்குத் துணைநின்றவனைக் கில்லி என்பர். கேலிக் மொழியில் அச்சொல்லுக்குப் பையன், ஏவலாள் என்பன பொருள். படகைத் தள்ளுவதும் மீனை வலையிலேந்துவதும் அவன் வேலை. ஆற்றின் ஒவ்வொரு மடுவையும் அவன் அறிவான். ஆயினும் கற்பிப்பது அவன் கடமையாகக் கருதப்படவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் மேயின் மாநிலம் 1897 இல் வழிகாட்டிகளைப் பதிவு செய்யும் முறையை ஏற்படுத்தியது. முதற் பதிவைப் பெற்றவர் ஈத்தூண்டிலில் வல்லவரான கோர்னீலியா குரொஸ்பி என்னும் பெண்மணி. ஏவலாளாயிருந்தவர் இவ்வாறு மதிப்புடைய தொழிலாளராயினர். இன்று மேலைநாட்டு ஆறுகளில் ஒரு நாட் பயணத்துக்கு வழிகாட்டிக்குப் பல நூறு டொலர் கொடுக்க வேண்டியுள்ளது. இதற்கு மேலாக அன்பளிப்புக் கொடுப்பதும் வழக்கம்.

வழிகாட்டி வேண்டும் என்பார் கூறும் காரணங்கள் வலிமையானவை. முதலாவது, வீச்சிற் பாதி நம் முதுகுக்குப் பின்னே நிகழ்வது. அங்கே நேரும் குற்றத்தைச் செய்பவன் தானே காணமாட்டான். காணாத குற்றத்தைப் பலமுறை செய்தாற் குற்றமே பழக்கமாகிவிடும். ஆதலால் பிறர் கண் இன்றியமையாதது. இரண்டாவது, ஓர் ஆற்றின் இயல்பு அவ்வாற்றோடு வாழ்ந்தவர்க்கே தெரியும். எந்த மாதத்தில் எந்தப் பூச்சி எழும், எந்தத் திருப்பத்தில் அடி நழுவும் என்பன நூல்களில் முற்றாக எழுதப்படுவதில்லை. மூன்றாவது, குளிர்ந்த ஆற்றின் நடுவே முதன்முறை இறங்குவோர்க்கு உயிர்க்காவலும் வேண்டும். இம்மூன்றையும் நாம் மறுப்பதற்கில்லை.

வேண்டா என்பார் கூற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. படகிற் செல்லும் ஒரு நாளை நோக்குக. துடுப்பு வலிப்பவர் வழிகாட்டி. படகை நிறுத்தும் இடத்தைத் தெரிபவர் அவர். பூச்சியைத் தெரிந்து கட்டுபவரும், சிக்கிய நூலை விடுவிப்பவரும் அவரே. நூலின் மேல் ஒரு சிறு மிதப்பைக் கட்டி, அது தாழும்போது “இப்பொழுது” என்று கூவுபவரும் அவர். தூண்டிற்காரருக்கு எஞ்சிய வேலை, சொன்ன இடத்தில் நூலை இட்டுச் சொன்ன கணத்திற் கோலை உயர்த்துவது. மாலையில் மீனை ஏந்திய படம் எடுக்கப்படும். அப்படத்தில் நிற்பவர் தூண்டிற்காரர். அம்மீனைப் பிடித்த அறிவோ படத்துக்கு வெளியே நிற்கின்றது.

கனடாவின் கல்கரி நகரில் வாழும் பழைய மாணவர் ஒருவர் எமக்கு எழுதிய கடிதம் இதனை நன்கு விளக்கும். இரவு வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு நாள் வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு அந்நகரினூடே ஓடும் போ ஆற்றிற் படகிற் சென்றார். அன்று ஏழு மீன் அகப்பட்டன. இரு கிழமை கழித்துத் தம் மகனையும் அழைத்துக்கொண்டு அதே ஆற்றின் கரைக்குச் சென்றார். காலை முதல் மாலை வரை நின்றும் ஒரு மீனும் கிட்டவில்லை. எந்தப் பூச்சியைக் கட்டுவது என்று மகன் கேட்டபோது விடை கூறவும் இயலவில்லை. “ஐயா, அன்று மீன் பிடித்தது நானோ, அவரோ?” என்று எழுதியிருந்தார். மீன் கிட்டாதது பெரிதன்று. கற்றோம் என்று எண்ணியிருந்தவர், மகன் கேட்ட வேளையிற் கையில் ஒன்றுமின்றி நின்றாரே, அதுவே வருந்தத்தக்கது.

இதற்கு அவ்வழிகாட்டியைக் குறைகூறுதல் நீதியன்று. அவரிடம் கேட்கப்பட்டது மீன். அவர் கொடுத்ததும் மீன். மீனின்றித் திரும்பியவர் மறுமுறை வாரார், அன்பளிப்பும் குறையும். ஆகவே பிழை செய்ய விடாது காத்தலே அவர் தொழிலுக்கு நன்மை. கற்பவனுக்கோ பிழை செய்தலே வேண்டுவது. பிழை செய்து, அதன் காரணத்தைக் கண்டு, தானே திருத்தியபோதுதான் கலை கையிற் படியும். வழிகாட்டியின் ஊதியமும் மாணாக்கனின் ஊதியமும் இவ்வாறு வெவ்வேறு திசையில் நிற்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

கற்பிப்போர் செய்யும் வேலை எத்தகையது என்பதற்கும் இக்கலையிலேயே சான்றுண்டு. அமெரிக்க எழுத்தாளர் நோர்மன் மக்லீன் 1976 இல் வெளியிட்ட, மொன்டானா மாநிலத்து ஆறுகளைப் பற்றிய கதையில், சமயகுருவாகிய தந்தை தம் மக்களுக்கு வீச்சைப் பயிற்றுகின்றார். பியானோவின் மேலிருந்த தாளக்கருவியை எடுத்துவந்து, நான்கு எண்ணிக்கைக்குள் வீச்சு அடங்குமாறு பழக்குகின்றார். கோல் மணிக்கூட்டின் பத்துக்கும் இரண்டுக்கும் இடையிலேயே அசைதல் வேண்டும் என்பது அவர் விதி. நம் சங்கீத ஆசிரியர் தொடையிலே தாளம் போடுவித்த பின்னரே பாட்டுக்குள் செல்வதை ஒத்தது இது. ஜோன் வுல்ஃப் என்னும் பெண்மணி தம் கணவரோடு 1979 இல் நியூயோர்க் மாநிலத்துக் கற்ஸ்கில் மலைப்பகுதியிற் பள்ளியொன்றை நிறுவினார். வீச்சினை உறுப்பு உறுப்பாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு, 1987 இல் நூலாகவும் வெளியிட்டார். பெயரிடப்பட்ட உறுப்பில் நேரும் குற்றத்தைச் சுட்டிக் காட்டலாம், சுட்டப்பட்டதைத் திருத்தலாம். இலக்கணம் செய்யும் உதவி இதுவன்றோ? “பொறு”, “வீசு” என்று கணந்தோறும் ஏவுவது வேறு. ஏன் பொறுக்க வேண்டும் என்று விளக்குவது வேறு.

நம் நன்னூலார் இவ்வினாவுக்கு என்றோ விடை கூறியுள்ளார். ஆசிரியர் உரைத்ததை எத்துணை நன்றாகக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது புலமையிற் காற்கூறே என்பது அவர் கணக்கு. உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்கூறு கிட்டும். எஞ்சிய அரைக்கூறும் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிறைவுறும். இலக்கண மாணாக்கனுக்குச் சொல்லப்பட்ட இக்கணக்கு தூண்டிற்காரனுக்கும் பொருந்துவதைக் காண வியப்பாயிருக்கின்றது.

வழிகாட்டியால் வருவது முதற் காற்கூறு. அதுவும் அவர் உரைப்பவராகவும் நாம் கொள்பவராகவும் இருந்தால் மட்டுமே. இரண்டாங் காற்கூற்றுக்கு இங்கிலாந்தில் நல்ல எடுத்துக்காட்டுண்டு. நீரில் மிதக்கும் பூச்சியைக் கொண்டு மீன்பிடிக்கும் முறையை நூலாக வகுத்த பிரெடெரிக் ஹல்ஃபோர்ட் என்பார், 1879 இல் வின்செஸ்ரர் நகரத்துத் தூண்டிற் கடையொன்றில் ஜோர்ஜ் மரியற் என்பாரைச் சந்தித்தார். இருவரும் ஹாம்ப்ஷயர் ஆறுகளிற் பல்லாண்டுகள் கூடி ஆராய்ந்தனர்; அதன் பயனாக ஹல்ஃபோர்டின் முதல் நூல் 1886 இல் வெளிவந்தது. மரியற் தம் பெயரை நூலாசிரியராக இடுவதற்கு இசையவில்லை. அவர் கூலிக்கு வந்தவரல்லர், உடன் பயின்றவர். அத்தகைய துணையைப் பணத்தாற் பெறல் அரிது.

எஞ்சிய அரைக்கூறு அந்த மகனிடத்தே உள்ளது. இந்தப் பூச்சியை ஏன் கட்டினோம், இந்தக் கல்லின் பின்னே ஏன் வீசினோம் என்று பிள்ளைக்குச் சொல்ல முயலும்போதே தாம் அறிந்ததும் அறியாததும் தந்தைக்குத் தெளிவாகும். விடை கூற இயலாது நின்ற அந்த நாளைத் தோல்வி என்று கொள்ள வேண்டியதில்லை. எவற்றைக் கற்க வேண்டும் என்பதைக் காட்டிய முதல் நாள் அதுவே என்று நாம் அவருக்கு மறுமொழி எழுதினோம்.

ஆகவே எமது கருத்து இது: வழிகாட்டியை அமர்த்துவது கற்றலுக்கு உதவும்; ஆனால் அமர்த்தும் காலமும் முறையும் அறிந்து அமர்த்துதல் வேண்டும். வீச்சைக் கற்பதற்கென்று அவரை ஆற்றுக்கு அழைத்தல் வீண்செலவு. அதனை வல்லார் ஒருவரிடம் புற்றரையிலே கற்கலாம். முள்ளுக்குப் பதிலாகச் சிறு கம்பளித்துண்டைக் கட்டி, நாளும் பத்து நிமிடம் பழகினாற் போதும். கை ஓரளவு பழகிய பின்னரே வழிகாட்டியை நாடுக. நாடும்போது, “மீன் குறைந்தாலும் குற்றமில்லை, கற்கவே வருகின்றேன்” என்று முன்கூட்டியே கூறுக. இச்சொல் அவரை ஊதியக் கவலையிலிருந்து விடுவித்து ஆசிரியராக்கும். இயன்றவரை படகை விட்டு ஆற்றில் இறங்கி நடக்கும் நாளையே கேட்டுப் பெறுக. நடப்பவனுக்கு நின்று பார்க்கவும் வினவவும் பொழுதுண்டு.

அன்று பூச்சியை முதலில் நாமே தெரிந்து காட்டி, பின்பே அவர் கருத்தைக் கேட்டல் நன்று. முடிச்சுகளை நாமே இடல் வேண்டும். அவர் ஓரிடத்தைச் சுட்டினால், அங்கே எதனைக் கண்டு சுட்டினார் என்று வினவுதல் வேண்டும். இறுதி ஒரு மணி நேரம் அவரைக் கரையில் அமர்ந்து பார்க்கச் செய்து, நாம் தனியே முயன்று, பின்பு குற்றங்களைக் கேட்டறிதல் வேண்டும். கேட்டவற்றை அன்றிரவே எழுதி வைத்து, சில நாளுள் அதே இடத்துக்குத் தனியே சென்று பார்த்தல் வேண்டும். அந்தத் தனிநாளே தேர்வு. அதில் ஒரு மீன் அகப்பட்டாலும், அது வழிகாட்டியோடு பிடித்த பலவற்றினும் பெரிது.

நன்னூலார் மாணாக்கரை வகைப்படுத்தும்போது அன்னத்தையும் பசுவையும் முதலிலும், மண்ணையும் கிளியையும் இடையிலும், ஓட்டைக்குடம் முதலியவற்றைக் கடையிலும் வைத்தார். ஏவியதை மட்டும் செய்து திரும்புபவன் கிளி. பணம் கொடுத்தோம் என்னும் நினைவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றையெல்லாம் ஒழுகவிடுபவன் ஓட்டைக்குடம். கண்ட இடத்தில் மேய்ந்து, பின்பு ஓரிடத்தில் இருந்து அசைபோடும் பசுவைப் போன்றவனே வழிகாட்டியால் முழுப்பயன் பெறுவான். வழிகாட்டி ஒருவரே, வருவோர் இயல்புக்கேற்பப் பயன் வேறுபடுகின்றது.

இதனை வாசிக்கும் இன்றைய மாணவரும் சிந்திக்க வேண்டியதொன்றுண்டு. மாதிரி விடைகளை மனனஞ் செய்து தேர்வில் தேறுதல், “இப்பொழுது” என்று கூவும் குரலுக்குக் கோலை உயர்த்துதல் போன்றது. தேர்வு மண்டபத்துக்கு வெளியே அக்குரல் கேளாது. ஆசிரியராகிய நாமும் நம்மை வினவிக்கொள்ளுதல் வேண்டும்: மாணவன் பிழை செய்வதற்கு நாம் இடந் தருகின்றோமா, அல்லது நல்ல பெறுபேறு என்னும் மீனை அவன் கையிற் கொடுத்துப் படமெடுத்து அனுப்புகின்றோமா? பெறுபேற்றையே நாடிவரும் பெற்றோரும் இவ்வினாவுக்குப் புறம்பானவரல்லர்.

வழிகாட்டியை வெறுத்து ஒதுக்குதல் அறியாமை. அவரையே நம்பி நிற்றல் சோம்பல். இரண்டுக்கும் நடுவே, வினவிக் கற்று, தனியே முயன்று, கற்றதைப் பிறர்க்கும் உரைக்கும் வழியொன்றுண்டு. ஆற்றங்கரையிலும் பள்ளியிலும் அவ்வழி ஒன்றே. அவ்வழியிற் செல்வோர் பெருகுக.